மாடியிலிருந்து வயர் வேண்டாம்

அத்தியாயம் 11

வியாழக்கிழமை மத்தியானம் வேலையிடத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தாளே பெரியவள், அப்போது காதில் விழுந்தது இன்னும் அவளை விட்டபாடில்லை.

கூப்பிட்டது ஒன்றும் பெரிய விஷயத்துக்கு இல்லை. காலை அவசரத்தில் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். மணி அடித்தது, அம்மா எடுத்தாள், ஹலோ என்றாள். அம்மா, நான்தான் என்றாள் பெரியவள். பதிலுக்கு இன்னொரு ஹலோ வந்தது. ரத்தம் கொடுக்கக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியும் பார்த்துவிட்டாள். அம்மாவுக்கு ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா பேச ஆரம்பித்தாள். பெரியவளிடம் அல்ல, சின்னவளிடம்.

“மறுபடியும் நீதானா? ஞாயித்துக்கிழமைதானே கூப்பிடுவே, இன்னிக்கு என்ன புதுசா? போன வாரம் சொன்னதுதான் இப்பவும். வாயைத் திறந்து பேசறதா இருந்தா கூப்பிடு. இந்த ஞாயித்துக்கிழமையும் வாயைத் தைச்சுக்கிட்டு இருந்தேன்னா அதோட சரி. எனக்கு ஒரே பொண்ணுதான்னு நினைச்சுக்கறேன்.”

பட்டென்று வைத்துவிட்டாள்.

போன் பேசவில்லை என்றால் போனில் கோளாறு என்றுதானே எந்த வீட்டிலும் நினைப்பார்கள்? இந்த வீட்டில் அப்படி நினைக்க மாட்டார்கள். காலமாகிப்போன அப்பா அப்படிப் பழக்கி வைத்திருந்தார். கோபம் வந்தால் மனிதர் கத்த மாட்டார். ஊரில் இல்லாத நாட்களில் தவறாமல் போன் செய்வார். செய்துவிட்டு ஒரு வார்த்தை பேச மாட்டார். அம்மா இந்தப் பக்கம் கெஞ்சி, சமாதானம் சொல்லி, கடைசியில் அழுத பிறகு வைத்துவிடுவார். வாலு என்று எல்லோரும் கூப்பிடுகிற சின்னவள், கடைக்குட்டி, அப்பாவை அப்படியே உரித்து வைத்தவள். விடுதியில் தங்கிப் படித்தபோது அவளும் இதே வித்தையைக் காட்டியவள்தான். அதனால் வாராவாரம் ஞாயிறு மாலை போன் வந்து, எடுத்தால் சத்தமில்லாமல் இருந்தபோது, அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. வாலு கோபத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான்.

கோபப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து நின்றவளை, திரும்பிப் போ என்று எல்லோருக்கும் எதிரில் சொன்னவன் பெரியவளின் தம்பி. மறுநாள் காலையில் வாலு கிளம்பிவிட்டாள். புருஷன் வீட்டுக்கும் போகவில்லை. எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து அம்மா தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் பெண்டாட்டியோடு மாடியில் குடியிருந்தாலும் அவனை மகன் என்று சொல்வதில்லை, மாடிக்காரன் என்றுதான் சொல்வாள். மாடிக்காரன் குளிக்கிறான் போலிருக்கு, தண்ணி மெதுவா வருது, என்பாள்.

பெரியவளுக்கு வாரத்தில் ஆறு நாளும் ஊசியும் ரத்தமும்தான். ஏழாவது நாள் துணி துவைக்க, வீடு பெருக்க, பழுதானதைப் பார்க்க. இந்த ஞாயிற்றுக்கிழமையும் துணியை உலர்த்திவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கூடத்து மூலையில் இருந்த குட்டிப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமையிலிருந்தே இதைப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று நினைத்து ஒவ்வொரு நாளும் வந்து படுத்துவிட்டாள். களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். களைப்பு மட்டும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்தக் குட்டிப் பெட்டி வந்த கதை இதுதான். தெருவில் பழைய தொலைபேசிக் கம்பிகளை எடுத்துவிட்டார்கள். வாலுவுக்குத் தெரிந்த எண் போய்விடக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால், அதே எண்ணை இன்டர்நெட் வழியாகத் தருகிற அடாப்டர் ஒன்றைத் தம்பி வாங்கி, அக்கா வழியாகக் கொடுத்தனுப்பினான். ஒரு பக்கம் ரவுட்டரில் சொருக வேண்டும், மறுபக்கம் பழைய போனைச் சொருக வேண்டும். இன்டர்நெட் வருவதோ மாடியில் இருக்கிற ரவுட்டருக்கு. அங்கிருந்து கீழே ஒரு வயர் இழுத்துவிடுகிறேன் என்று தம்பி சொல்லியனுப்பியபோது அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். மாடியிலிருந்து ஒரு கயிறுகூட என் வீட்டுக்குள் இறங்கக் கூடாது என்றாள். வேறு வழியில்லாமல் அவன் கீழே இன்னொரு ரவுட்டரை வைத்தான். அது மாடி இன்டர்நெட்டைக் காற்றிலேயே பிடித்துக் கீழே கொடுக்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்று அம்மா கேட்கவில்லை.

பெரியவள் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பெட்டியை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. வயரைப் பிடுங்கிச் சொருகினாள். போனில் காது கேட்கும் பகுதிதான் போய்விட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்தாள், ர்ர்ர் என்று டயல் சத்தம் கணீரென்று கேட்டது. போன் மேல் குற்றமில்லை. பிறகு கைபேசியோடு வாசலுக்குப் போய் அங்கிருந்து வீட்டு எண்ணைக் கூப்பிட்டாள். எடுக்கச் சொல்லி அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தாள். அம்மாவின் குரல் கைபேசியில் தெளிவாக வந்தது. இவள் பேசியது உள்ளே போகவில்லை. ஜன்னல் வழியாக அம்மா எட்டிப் பார்த்து, நீயும் ஆரம்பிச்சிட்டியா என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கஸ்டமர் கேரைப் பிடித்தாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. காத்திருந்த நேரத்தில், ஒதுக்கி வைத்திருந்ததெல்லாம் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வாலு வந்த அன்று மாலை, துணி மடிக்கும் சாக்கில் அக்காவை உள்ளே கூப்பிட்டுச் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். தோளிலிருந்து முழங்கை வரை கன்றிப்போயிருந்தது. தினமும் மனிதர்களின் கையைப் பிடித்துப் பார்க்கிற பெரியவளுக்கு, அது எப்படி வந்திருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் என்ன சொன்னாள்? அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள், மூச்சுவிடாதே என்றாள். கொஞ்சம் அனுசரித்துப் போ, போகப்போகச் சரியாகிவிடும் என்றாள். அப்போது அவளுக்கு அசதி. இன்னொரு பாரத்தைத் தூக்க உடம்பிலும் மனதிலும் தெம்பில்லை. அதுதான் உண்மை. தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. சின்னச் சண்டைக்குக் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் அவன் போகச் சொன்னான். ஆனால் பழி முழுக்க அவன் தலையில் விழுந்தது, பெரியவள் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

இந்தக் கோளாறு சரியாகாமல் இருந்தால் அவளுக்கு நல்லது. வாலு பேசினால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆனால் இன்று மாலையோடு அம்மா அந்தப் பெண்ணைத் தலைமுழுகிவிடுவாள். வாயைத் திறந்து கத்திக்கொண்டிருக்கிற பெண்ணை, பேசவில்லை என்று சொல்லித் தலைமுழுகுவாள்.

பாட்டு நின்று ஒரு பெண் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலை அவள் குரலிலும் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவர் களைப்பை ஒருவர் புரிந்துகொண்டு, அதிகம் சுற்றி வளைக்காமல் பேசினார்கள். வீட்டில் எத்தனை ரவுட்டர் என்று அவள் கேட்டாள். இரண்டு, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மேடம், உங்க குரல் வெளியே போக ரெண்டுமே வழி விட்டுடும். வெளியேருந்து வர்ற குரல் மேல இருக்கிற ரவுட்டரோட நின்னுடுது. இது கீழ யாருக்குன்னு அதுக்குத் தெரியலை. அடாப்டரை நேரா மேல இருக்கிற ரவுட்டர்லயே சொருகிடுங்க. நடுவுல எதுவும் வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறவரின் எண் தெரியுமா என்றும் பெரியவள் கேட்டுப் பார்த்தாள். மறைத்து வைத்த எண் என்று பதில் வந்தது.

ஆக, அடாப்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும். போனின் வயர் முழ நீளம்கூட இல்லை. அதனால் போனும் மாடிக்குப் போக வேண்டும். அப்படியானால் அம்மாவும் போக வேண்டும். பெரியவள் பெருமூச்சு விட்டு எழுந்தாள்.

தம்பி கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் எடுப்பான். பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். காதில் மாட்டியதைக் கழற்றாமலே அக்காவைப் பார்த்தான். கையில் அடாப்டரும் போனுமாக நின்றவள் சொன்னதைக் கேட்டதும், பெட்டியில் கோளாறே இல்லை என்றான். தானே மாட்டியது, எல்லாம் சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன் என்று கொஞ்சம் முறைப்பாகவே சொன்னான். வாலு பேசவில்லை, அதற்குப் பெட்டி என்ன செய்யும், அப்பாவுக்குப் பிறந்தவள்தானே, என்றும் சொன்னான்.

“வியாழக்கிழமை நான் கூப்பிட்டேன்,” என்றாள் பெரியவள். “என்னை வாலுன்னு நினைச்சு அம்மா பேசினதை முழுக்கக் கேட்டேன். இந்தப் பக்கம் நான் தொண்டை கிழியக் கத்தறேன், அந்தப் பக்கம் எனக்கு ஒரே பொண்ணுதான்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. போன வாரமும் இதையேதான் சொன்னாங்களாம், அவகிட்ட.”

தம்பி காதில் இருந்ததைக் கழற்றினான். திரையில் இருந்த பிள்ளைகளிடம், மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி மூடினான்.

“அப்போ அவ பேசிக்கிட்டேதான் இருந்திருக்கா.”

“ஆமா.”

“இவ்வளவு நாளும்.”

தம்பி மேஜைக்கு அடியில் புகுந்து அடாப்டரை ரவுட்டரில் சொருகினான். தலையை இடித்துக்கொண்டான், தேய்த்துவிட்டுக்கொள்ளக்கூட இல்லை. பச்சை விளக்கு வந்ததும் பெரியவள் மொட்டை மாடிப் படிக்குப் போய்க் கைபேசியிலிருந்து கூப்பிட்டாள். கேக்குதா என்றாள். கேக்குதுக்கா என்றான் தம்பி. அவன் குரல் உடைந்திருந்தது. அவனைப் பார்க்க அவளுக்கு முகம் இல்லை, படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

இனி அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அம்மா கூடத்தில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போன் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டிருந்தாள், கேட்கவில்லை. பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரவுட்டர் கதையெல்லாம் சொல்லாமல், நேராக விஷயத்தைச் சொன்னாள். வாலு ஒவ்வொரு வாரமும் பேசியிருக்கிறாள். உனக்குத்தான் கேட்கவில்லை.

அம்மா மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“நான் பேசினது?”

“அது போயிருக்கும்மா.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

அம்மா துண்டைக் கீழே வைத்தாள். போன் எங்கே என்று கேட்டாள். மாடியில் என்றாள் பெரியவள். மாடியிலிருந்து ஒரு கயிறுகூட வேண்டாம் என்றவள், முழங்கால் வலிக்குக் கைப்பிடியைக்கூடத் தேடாமல் எழுந்து வாசலுக்குப் போனாள். படி ஏறும்போது நடுவில் ஒரு தடவை நின்றாள். தாங்கிப் பிடிக்க வந்த பெரியவளின் கையை வேண்டாம் என்று விலக்கினாள்.

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். அம்மா உட்காரவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த தன்னுடைய பழைய போனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். தம்பி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், அதுவும் அப்படியே இருந்தது. மூன்று பேரும் ஒரே அறையில் நின்று எத்தனை நாளாயிற்று என்று பெரியவள் நினைத்தாள். வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். நேரம் போகப் போக, இன்று கூப்பிட மாட்டாளோ என்ற பயம் ஒன்று, கூப்பிட்டுவிடுவாளோ என்ற பயம் ஒன்று, இரண்டும் பெரியவளுக்கு மாறி மாறி வந்தன.

போன் அடித்தது. அம்மா இரண்டு கையாலும் எடுத்தாள்.

“ஹலோ.”

வாலுவின் குரல் பெரிதாக வந்தது. அம்மாவின் காதுக்கு அது பழகவில்லை, ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். அதனால் மூன்று பேருக்குமே கேட்டது.

“நான்தாம்மா. உனக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும். முதல்ல நீ வேணும்னே பண்றேன்னு நினைச்சேன். அப்புறம் புரிஞ்சுபோச்சு. கேக்காதுங்கறதால எனக்கும் பேசறது சுலபமாப் போச்சு. கூப்பிடாதேன்னு சொல்லிட்டே, இருந்தாலும் கடைசியா ஒரு தடவை சொல்லிட்டுப் போகலாம்னு கூப்பிட்டேன். நாளைக்கு அந்த வீட்டுக்கே திரும்பிப் போறேன். அக்கா சொன்ன மாதிரியே அனுசரிச்சுப் போறேன்.”

தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

“போகாதே,” என்றாள் அம்மா.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

“நீ எங்கேயும் போக வேண்டாம். இங்கே வா. நான் பேசினதெல்லாம் தப்பு. நீ பேசலைன்னு நினைச்சுப் பேசிட்டேன்.”

“அம்மா.” வாலுவின் குரல் இப்போது மிகவும் மெல்லியதாகிவிட்டது. அம்மா ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அதன் பிறகு பெரியவளுக்குக் கேட்டது அம்மா பேசியது மட்டும்தான்.

“கேக்குதுடி.”

“இன்னிக்குத்தான். இப்பத்தான்.”

“இல்லை, முன்னாடி நீ சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது.”

நீண்ட நேரம் அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, இருக்கா என்றாள். பக்கத்துலதான் நிக்கறா, என்றாள். ரிசீவரைப் பெரியவளிடம் நீட்டினாள்.

“உங்கிட்டப் பேசணுமாம்.”

பெரியவள் வாங்கினாள். ஒரு விரலால் போனில் ரிசீவர் உட்காரும் கட்டையை அழுத்தினால் போதும். லைன் அறுந்துவிட்டது, பெட்டி இன்னும் சரியாகவில்லை என்று சொன்னால் இந்த அறையில் இருக்கிற இருவருமே நம்புவார்கள். இத்தனை வாரமாக எல்லாப் பழியையும் யாராவது ஒருவர் மேல் போட்டுப் பழகிய வீடு. அதைச் செய்துவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“அக்கா,” என்றாள் வாலு. கோபம் இல்லை. சோர்ந்துபோன குரல். பெரியவளுடைய குரலைப் போலவே இருந்தது. “அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். அவள் மூச்சுவிடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

“நானே சொல்றேன்,” என்றாள் பெரியவள். “வச்சிடாதே. நீயும் கேளு.”

ரிசீவரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தம்பி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். முதலில் அவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

“அம்மா, அவளைப் போகச் சொன்னது இவன் மட்டும் இல்லை. இவனுக்கு முன்னாடி நான் சொல்லிட்டேன். எதனால அவ வந்தான்னு இவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அம்மா தம்பியைப் பார்த்தாள். அப்புறம் பெரியவளைப் பார்த்தாள். காலியாக இருந்த நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, மகன் வீட்டில் மெல்ல உட்கார்ந்தாள்.

“சொல்லு,” என்றாள்.